கம்பத்துக் கொடி அரக்கோணத்தில் ஏன் காய்க்கவில்லை?
(இடமும் மண்ணும் செந்திராட்சை ரசத்தை உருவாக்கும் விதம் பற்றி ஒரு பாடம்)

- சிவில் பிரிவு, இறுதியாண்டு மாணவன்



தலைப்பைப் பார்த்தவுடன் "என்னடா, ஆண்டு மலரில் சரக்கு பற்றிக் கட்டுரையா?" என்று பின் பெஞ்சில் விசில் பறப்பது காதில் விழுகிறது. கொஞ்சம் பொறுங்கள். இது குடிப்பதற்கு வழி சொல்லும் கட்டுரை அல்ல. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி நம் மாநிலத்தில் குற்றம். ஆகவே யாரும் ஹாஸ்டல் பக்கெட்டில் பரிசோதனை செய்ய வேண்டாம்! இது மண்ணைப் பற்றிய கட்டுரை, மழையைப் பற்றிய கட்டுரை. இன்னும் உண்மையைச் சொன்னால், என் அத்தையின் ஐந்து சவரன் சங்கிலியைப் பற்றிய கட்டுரை.

அரக்கோணத்துக்கும் திருத்தணிக்கும் நடுவில் ஒரு கிராமத்தில் என் தாய்மாமாவுக்கு நிலம் இருக்கிறது. ஏரிக்குக் கீழே கொஞ்சம் கழனி, மேட்டில் கொஞ்சம் கொல்லை. இரண்டு வருஷத்துக்கு முன்னால் சபரிமலைக்கு மாலை போட்டு வேனில் போனார். தேனி, கம்பம், குமுளி வழி. கம்பம் பள்ளத்தாக்கில் வண்டி போகும்போது ரோட்டின் இரண்டு பக்கமும் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தல், பந்தல் முழுக்கக் கறுப்புக் கறுப்பாகப் பன்னீர் திராட்சைக் குலைகள்! மாமா மனசு அங்கேயே தங்கிவிட்டது. திரும்பி வரும்போது இருமுடி இருந்த இடத்தில் திராட்சைக் குச்சிக் கட்டு இருந்தது.

நாற்பது குச்சி நட்டார். பாதி பிழைத்தது. அடுத்த வருஷம் ஐப்பசி மழையில் இலையெல்லாம் எண்ணெய் பட்ட காகிதம் மாதிரி புள்ளி விழுந்து, அடிப்பக்கம் வெள்ளைப் பூஞ்சை பூத்து உதிர்ந்தது. தப்பிய குலைகளும் பாதி பச்சை, பாதி சிவப்பு. வாயில் போட்டால் புளிப்பு. ஆனாலும் மாமா விடவில்லை. ஊருக்கு வந்த ஒரு ஏஜென்ட் சொன்னானாம்: "ஒரு ஏக்கர் பந்தல் போடுங்க, ஒயின் கம்பெனிக்காரன் மொத்தமா எடுத்துக்குவான்." கல்தூணுக்கும் கம்பிக்கும் துட்டு வேண்டுமே? அத்தையின் சங்கிலியை அடகு வைக்கலாம் என்று பேச்சு நடந்தது.

அன்றைக்கு மாமா என்னைக் கூப்பிட்டு, "டேய் மாப்ளே, நீ மண்ணுக்குன்னு தனியா ஒரு பாடமே படிக்கிறியாமே, இன்னாத்துக்கு நம்ம ஊர்ல காய்க்கலேன்னு பார்த்து சொல்லு" என்றார். அந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடி நான் படித்ததும் பார்த்ததும்தான் கீழே வருவது.

1. சிவப்பு எங்கிருந்து வருகிறது?

முதலில் அடிப்படை. திராட்சைச் சாற்றில் உள்ள சர்க்கரையை ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் தின்று ஆல்கஹாலாகவும் கார்பன்-டை-ஆக்ஸைடாகவும் மாற்றுகிறது. முதலாண்டு கெமிஸ்ட்ரி நினைவிருக்கிறதா? 180 கிராம் குளுக்கோஸ் கொடுத்தால், கணக்குப்படி 92 கிராம் எத்தில் ஆல்கஹால், 88 கிராம் வாயு. நடைமுறையில் லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை இருந்தால் ஒரு சதவீத ஆல்கஹால். ஆக 13 சதவீதம் வேண்டும் என்றால் லிட்டருக்கு 220 கிராம் சர்க்கரை பழத்திலேயே சேர்ந்திருக்க வேண்டும்.

ஆனால் சிவப்பு நிறம் சாற்றில் இல்லை. பெரும்பாலான கறுப்புத் திராட்சையைப் பிதுக்கிப் பாருங்கள், உள்ளே சதை வெளிறிய பச்சைதான். நிறம் தருகிற ஆந்தோசயனின் தோலில் இருக்கிறது. துவர்ப்பு தருகிற டானின் தோலிலும் விதையிலும் இருக்கிறது. அதனால்தான் செந்நிற ஒயின் செய்யும்போது தோலோடு, விதையோடு சேர்த்தே ஊற வைக்கிறார்கள். தோலை உடனே எடுத்துவிட்டால் கறுப்புத் திராட்சையிலும் வெள்ளை ஒயின் கிடைக்கும்.

இங்கே நமக்குத் தெரிந்த ஒரு சின்னக் கணக்கு. பழத்தை உருண்டை என்று வைத்துக்கொண்டால், பரப்பளவை கன அளவால் வகுத்தால் 6/விட்டம் வரும். 18 மி.மீ. பழத்துக்கு 0.33. 12 மி.மீ. பழத்துக்கு 0.5. அதாவது சின்னப் பழத்தில் ஒரே அளவு சாற்றுக்கு ஒன்றரை மடங்கு தோல்! சாப்பிடுகிற திராட்சைக்குப் பெரிய பழம் அழகு, ஒயின் திராட்சைக்குச் சின்னப் பழம் அழகு. இந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

ஆக நல்ல செந்நிற ஒயினுக்கு வேண்டியவை நான்கு: போதிய சர்க்கரை, மிச்சம் இருக்கிற புளிப்பு, அடர்ந்த நிறம், பழுத்த துவர்ப்பு. இந்த நான்கும் ஒரே நாளில் ஒரே பழத்தில் சந்திக்க வேண்டும். சந்திக்க வைப்பது யார்? இடமும் மண்ணும்.

2. இடம் என்றால் வெப்பம்

வெயில் அதிகமானால் சர்க்கரை சீக்கிரம் ஏறும். நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் கூடவே இரண்டு நஷ்டம். ஒன்று, சூட்டில் பழம் தன்னிடம் உள்ள மாலிக் அமிலத்தைச் சுவாசத்தில் எரித்துவிடும், இரவும் சூடாக இருந்தால் இன்னும் வேகமாக. இரண்டு, 35 டிகிரிக்கு மேல் போனால் தோலில் நிறம் உருவாவது தடைப்படும். என் மாமாவின் பாதிச் சிவப்புக் குலைகளுக்கு ஒரு காரணம் இதுதான். பகலில் வெயில், இரவில் குளிர்: இதுதான் கொடி கேட்கும் வரம்.

அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அமரைன், விங்க்ளர் என்ற இருவர் 1944-இல் இதை ஒரு கணக்காக்கினார்கள். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பத்திலிருந்தும் 10 டிகிரியைக் கழித்து, மீதியைக் கூட்டிக்கொண்டே போவது. 10 டிகிரிக்குக் கீழே கொடி வளராது என்பதால் அந்தக் கழிவு. கூட்டுத்தொகைப்படி ஊர்களை ஐந்து வகுப்பாகப் பிரித்தார்கள். சுமார் 1,390-க்குக் கீழே முதல் வகுப்பு, சுமார் 2,220-க்கு மேலே ஐந்தாம் வகுப்பு.

நம் ஊருக்குப் போட்டுப் பார்க்கலாமா? அந்த ஏழு மாதம் 214 நாள். பிரான்ஸின் போர்டோவில் சராசரி 17 டிகிரி என்று கொண்டால் 7 x 214 = 1,498. அரக்கோணத்துக்கு 29 டிகிரி என்று கொண்டால் 19 x 214 = 4,066. ஐந்தாம் வகுப்பை எல்லாம் தாண்டி நாம் எங்கேயோ போய் நிற்கிறோம்!

"அப்போ மேட்டுக்குப் போனால்?" என்று கேட்பீர்கள். சரியான கேள்வி. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஏறக்குறைய 6.5 டிகிரி குறையும். நம் அரக்கோணம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 90 மீட்டர். கம்பம் சுமார் 390 மீட்டர், அதனால் 2 டிகிரி லாபம். நாசிக் சுமார் 600 மீட்டர், 3.3 டிகிரி லாபம். பெங்களூருக்கு வடக்கே நந்தி மலை அடிவாரம் சுமார் 900 மீட்டர், 5.3 டிகிரி லாபம். ஒயின் தோட்டங்கள் ஏன் மேட்டு நிலம் தேடிப் போகின்றன என்பதற்கு இந்த நான்கு எண்களே சாட்சி.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். நந்தி அடிவாரத்துக்கும் இதே கணக்கைப் போட்டால் 3,000 பக்கம் வரும். அதுவும் ஐந்தாம் வகுப்புக்கு மேலேதான். பிறகு அங்கே எப்படி ஒயின் வருகிறது? இந்த முடிச்சைப் பின்னால் அவிழ்க்கிறேன். என்னைத் தடுக்கி விழ வைத்த கல்லும் அதுவேதான்.

3. மண் என்றால் தண்ணீர்

பலர் நினைப்பது: சுண்ணாம்பு மண்ணில் விளைந்தால் சுண்ணாம்பு வாசனை, பாறை மண்ணில் விளைந்தால் பாறை ருசி. அப்படி இல்லை. வேர் கல்லைக் குடிப்பதில்லை. தண்ணீரும் அதில் கரைந்த உப்புக்களும்தான் உள்ளே போகின்றன. வாசனைப் பொருள்களைக் கொடியும் பழமும் ஈஸ்ட்டும் சேர்ந்து செய்கின்றன. மண் தன் கையெழுத்தைப் போடுவது வேறு வழியில்: எவ்வளவு தண்ணீர், எப்போது, எவ்வளவு சூடு, எவ்வளவு நைட்ரஜன்.

போர்டோ பல்கலைக்கழகத்தில் ஜெரார் செகன் என்ற மண்ணியல் பேராசிரியர் அங்குள்ள சிறந்த தோட்டங்களின் மண்ணை வருடக்கணக்கில் தோண்டி ஆராய்ந்தார். இன்ன ரசாயனம் இருந்தால்தான் நல்ல ஒயின் என்று ஒரு விதியும் கிடைக்கவில்லை. சரளை, களிமண், சுண்ணாம்புக்கல் என்று எல்லா வகையிலும் உயர்ந்த ஒயின் வந்தது. பொதுவாக இருந்தது ஒன்றே ஒன்று: மழை அதிகமானால் வடித்துவிடும், மழை குறைந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். தண்ணீரைச் சீராக நிர்வகிக்கிற மண்ணே நல்ல மண்.

இது நம் சாயில் மெக்கானிக்ஸ் லேபில் தினமும் பார்க்கிற சமாசாரம் இல்லையா? சல்லடையில் சலித்து, சரளை எவ்வளவு, மணல் எவ்வளவு, வண்டல் எவ்வளவு, களி எவ்வளவு என்று பிரிக்கிறோமே, அதே பிரிவுதான் ஒயின் தோட்டத்தையும் பிரிக்கிறது.

கொடிக்குத் தண்ணீர் தாராளமாகக் கிடைத்தால் இலையும் தண்டுமாகக் கொழுக்கும். பழம் பெருக்கும், நிறம் நீர்க்கும். பழம் நிறம் மாறத் தொடங்கும் நேரத்தில் கொஞ்சம் தாகம் எடுத்தால், கொடி "இனி தழைக்க வேண்டாம், பிள்ளைகளைக் கவனிப்போம்" என்று சத்தைப் பழத்துக்குத் திருப்பும். பழம் சின்னதாக நிற்கும். மேலே போட்ட 6/விட்டம் கணக்கு இங்கே வேலை செய்யும். ஆனால் தாகம் அளவோடு இருக்க வேண்டும். மீறினால் இலை கருகிப் பழுப்பதே நின்றுவிடும்.

4. உலகத்தில் மூன்று ஊர்கள்

(அ) போர்டோ: கரோன், டோர்டோன் என்ற இரண்டு ஆறுகள் சேர்ந்து ஜிரோன்ட் முகத்துவாரமாகிக் கடலில் கலக்கின்றன. இடது கரையில் மெடோக். ஆறு கொண்டுவந்து கொட்டிய சரளை மேடுகள். 17-ஆம் நூற்றாண்டில் ஹாலந்து நாட்டு இன்ஜினியர்கள் வந்து வாய்க்கால் வெட்டிச் சதுப்பை வடித்த பிறகுதான் அந்த மேடுகள் திராட்சைக்கு முழுசாகப் பயன்பட்டன. (சிவில் நண்பர்கள் காலரைத் தூக்கிக்கொள்ளலாம்!) சரளை சீக்கிரம் வடியும், பகல் சூட்டையும் பிடித்து வைக்கும். அதனால் தாமதமாகப் பழுக்கிற கேபர்னே சோவினியோன் அங்கே நன்றாகப் பழுக்கிறது. ஒயின் துவர்ப்பும் கட்டும் உடையது, பல வருஷம் தாங்கும். வலது கரையில் பொமரோல், செயின்ட் எமிலியோன். அங்கே களியும் சுண்ணாம்புக்கல்லும். களி குளிர்ச்சி. எனவே சீக்கிரம் பழுக்கிற மெர்லோ அங்கே ராஜா. ஒயின் மெத்தென்று இருக்கும். நடுவில் இருப்பது ஆறு மட்டுமே, ஆனால் கரை மாறினால் கொடியின் ஜாதியே மாறுகிறது!

(ஆ) பர்கண்டி: இங்கே கோட் தோர் என்ற நீண்ட மலைச்சரிவு. செந்நிற ஒயினுக்குப் பினோ நுவார் என்ற ஒரே ரகம். கொடி ஒன்றே என்பதால் மண்ணின் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். சரிவின் உச்சியில் மண் மிக மெலிது. அடிவாரச் சமவெளியில் மண் ஆழம், ஈரம் ஜாஸ்தி, ஒயின் சாதாரணம். நடுச்சரிவில் சுண்ணாம்புக்கல்லும் சுண்ணாம்புக் களியும் அளவாகக் கலந்து, கிழக்குப் பார்த்துக் காலை வெயில் வாங்கும். உயர்ந்த தோட்டங்கள் எல்லாம் அந்த நடுப்பட்டையில்தான். மடத்துத் துறவிகள் காலம் முதல் துண்டு துண்டாகப் பெயர் வைத்துப் பிரித்த அந்த நிலங்களை 2015-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

(இ) கூனவாரா: தெற்கு ஆஸ்திரேலியாவில் சுமார் 15 கிலோமீட்டர் நீளம், ஒன்றிரண்டு கிலோமீட்டர் அகலம் உள்ள ஒரு செம்மண் பட்டை. மேலே செம்மண், கீழே வெள்ளைச் சுண்ணாம்புக்கல், அதற்கும் கீழே நிலத்தடி நீர். அங்கே கேபர்னே பிரமாதமாக வருகிறது. பட்டையை விட்டு இறங்கினால் தண்ணீர் தேங்கும் கறுப்புக் களி. அங்கே அந்தத் தரம் வருவதில்லை.

இதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாமா நிலமும் இப்படித்தானே? மேட்டில் செம்மண் சரளைக் கொல்லை, கீழே ஏரிப் பாசனக் களிமண் கழனி. மாமா குச்சி நட்டது எங்கே? "நல்ல கொழுத்த மண்" என்று கீழேதான்!

5. நம் நாட்டில் மூன்று ஊர்கள்

(அ) நாசிக்: கோதாவரி பிறக்கும் பகுதி. எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட் பாறை, அதன் மேல் கரிசலும் செம்மண்ணும். மகாராஷ்டிர அரசு 2001-இல் திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்தது. சூலா நிறுவனம் 2000-இல் இங்கே ஒயினரியைத் திறந்தது. 'நாசிக் வேலி ஒயின்' என்ற பெயருக்குப் புவிசார் குறியீடும் உண்டு. ஷிராஸ், கேபர்னே ஆகியவை செந்நிற ஒயினுக்கு முக்கிய ரகங்கள்.

(ஆ) நந்தி அடிவாரம்: தொட்டபள்ளாபூர் அருகில் குரோவர் குடும்பத்தார் 1988-இல் தொடங்கிய நிறுவனத்தின் தோட்டம். கிரானைட் வகைப் பாறை சிதைந்த செம்மண். வடிகால் நல்லது. போர்டோவின் புகழ்பெற்ற நிபுணர் மிஷெல் ரோலான் இங்கே ஆலோசகராக இருந்தார். கேபர்னேயும் ஷிராஸும் கலந்த செந்நிற ஒயின் இவர்களுக்குப் பேர் வாங்கித் தந்தது. அதே பெங்களூர் வட்டாரத்தில் விளையும் பெங்களூர் நீலத் திராட்சை வேறு வகை. அமெரிக்கக் கொடியின் ரத்தம் உள்ளது, வாசனை தூக்கலாக இருக்கும், இனிப்பு ஒயினுக்கும் ஜூசுக்கும் போகும். இடம் ஒன்றானாலும் ரகம் மாறினால் ரசம் மாறும் என்பதற்கு இது உதாரணம்.

(இ) கம்பம் பள்ளத்தாக்கு: இது நம்முடையது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பகுதி. மழை அளவாக, காற்று தாராளமாக. பாசனத்துக்கு முல்லைப் பெரியாறு. மேற்கே கடலுக்குப் போன பெரியாற்றை அணை கட்டி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார் பென்னிகுவிக். அணை 1895-இல் திறக்கப்பட்டது. அந்தத் தண்ணீர் இந்தப் பள்ளத்தாக்கின் உயிர். காமயகவுண்டன்பட்டி, சுருளிப்பட்டி, ராயப்பன்பட்டி, கூடலூர் என்று ஊர் ஊராகப் பந்தல். ஆனைமலையன்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

இங்கே விளையும் பன்னீர் திராட்சையின் உலகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தார் என்று சொல்கிறார்கள். ரோஜா வாசனை தரும் பொருள்கள் இதன் பழத்தில் உண்டு, பெயருக்கேற்ற பன்னீர் மணம்! 2023-இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மற்ற ஊர்களில் தை முதல் சித்திரை வரைதான் பெரும்பாலும் அறுவடை. இங்கே தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து மாற்றி மாற்றிச் செய்வதால் வருஷம் முழுக்கப் பழம் வெட்டுகிறார்கள்.

ஆனால் மாமாவிடம் ஏஜென்ட் சொல்லாத விஷயம் ஒன்று. கம்பத்துப் பழத்தின் பெரும்பகுதி சாப்பிடுகிற பழமாகத்தான் சந்தைக்குப் போகிறது. பன்னீர் ரகம் எக்டேருக்கு 30 டன் வரை தரக்கூடியது. போர்டோவில் நல்ல செந்நிற ஒயினுக்கு எக்டேருக்கு ஏழு டன் பழமே அதிகம். குறைவாகக் காய்க்க விடுவதால்தான் அங்கே சாறு கெட்டி. விளைச்சல் கணக்கு வேறு, ஒயின் கணக்கு வேறு. ஏஜென்ட் இரண்டையும் ஒரே காகிதத்தில் பெருக்கிக் காட்டியிருக்கிறான்!

6. மாமா நிலத்தில் மூன்று சோதனை

முதல் சோதனை, வடிகால். சோக்-பிட் போடும் முன்னால் செய்கிற பெர்கோலேஷன் டெஸ்ட்தான். இரண்டு அடிக் குழி, தண்ணீர் ஊற்றி ஊற வைத்து, மறுபடி ஊற்றி எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பார்ப்பது. மேட்டுக் கொல்லையில் நாங்கள் டீ குடித்து வருவதற்குள் குழி காலி. கழனியில் மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் தவளை நீந்துகிறது. அந்த மண்ணில் திராட்சை வேர் மூச்சு முட்டாமல் என்ன செய்யும்?

இரண்டாவது, உப்பு. போர் தண்ணீரையும் மண்ணையும் பரிசோதனைக்குக் கொடுத்தோம். மண்ணின் மின்கடத்தும் திறன் 1.5-ஐத் தாண்டினால் திராட்சை விளைச்சல் குறையத் தொடங்கும் என்பது கணக்கு. கழனி மண்ணில் 2-க்கு மேல் வந்தது. இலை ஓரம் கருகியதற்குக் காரணம் தெரிந்தது. உப்புத் தாங்குகிற டாக்ரிட்ஜ் என்ற வேர்ச்செடியில் ஒட்டுக் கட்டி நட்டால் ஓரளவு சமாளிக்கலாம். மகாராஷ்டிரத்தில் அப்படித்தான் செய்கிறார்கள். மாமா நட்டதோ வெறும் குச்சி.

இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு நான் பெரிய விஞ்ஞானி மாதிரி அறிவித்தேன்: "மாமா, தப்பு மண்ணுல நட்டுட்டீங்க. மேட்டுக் கொல்லைக்கு மாத்துங்க, ஒட்டுச்செடி வாங்குங்க, அமோகமா வரும்." மாமா முகம் மலர்ந்தது. அத்தை ஒன்றும் பேசாமல் கழுத்துச் சங்கிலியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அந்தக் கை அசைவு என்னை அன்று இரவு தூங்க விடவில்லை. நான் முன்னால் விட்டுவிட்டு வந்த முடிச்சு ஞாபகம் வந்தது. நந்தி அடிவாரத்தில் 3,000 வந்தும் ஒயின் எப்படி?

மூன்றாவது சோதனை, காலண்டர். குளிர் நாடுகளில் கொடி பனிக்காலத்தில் தானே உறங்கும், வசந்தத்தில் தானே விழிக்கும். நம் நாட்டில் கொடிக்கு உறக்கம் இல்லை. கத்தரிதான் அதற்குக் காலம் சொல்கிறது. கவாத்து செய்த நாளிலிருந்து சுமார் நான்கு, நாலரை மாதத்தில் பழம். நாசிக்கில் ஏப்ரலில் ஒரு கவாத்து, அது கொடியைத் தயார் செய்ய. தென்மேற்குப் பருவமழை முடிந்து, செப்டம்பர்-அக்டோபரில் அடுத்த கவாத்து, அது காய்க்க. பூ, பிஞ்சு எல்லாம் மழையில்லாத காலம். பழுப்பது ஜனவரி முதல் மார்ச் வரை, இரவில் நல்ல குளிர். வருஷம் முழுக்கக் கூட்டினால் சூடான ஊர். ஆனால் பழம் பழுக்கிற அந்த இரண்டு மூன்று மாதம் மட்டும் குளிர்ந்த ஊர்! விங்க்ளர் கணக்கு இங்கே பொருந்தாததன் ரகசியம் இதுதான்.

இப்போது அரக்கோணத்துக்கு வாருங்கள்.

- அக்டோபரில் கவாத்து செய்தால்: புதுத் தளிரும் பூவும் வரும் நேரத்தில் வடகிழக்குப் பருவமழை. மாமாவின் இலையைத் தின்ற அடிச்சாம்பல் நோய் கொண்டாட்டம் போடும்.
- டிசம்பர் கடைசியில் செய்தால்: பழுப்பது ஏப்ரல், மே. திருத்தணிப் பக்கம் கத்திரி வெயில் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? 40 டிகிரியில் நிறமும் பிடிக்காது, புளிப்பும் நிற்காது.
- மே கடைசியில் செய்தால்: பழுப்பது செப்டம்பர், அக்டோபர். சாயங்கால இடி மழை. பழுத்த பழம் தண்ணீர் குடித்து வெடித்து அழுகும்.

மூன்று கதவும் சாத்தியிருக்கிறது. மண்ணை மாற்றலாம், தண்ணீரை மாற்றலாம், வேரையும் மாற்றலாம். மழை வருகிற மாதத்தை யார் மாற்றுவது?

அந்த நோய்க்கு மருந்து இல்லையா என்றால், உண்டு. அதுவும் போர்டோவிலிருந்து வந்ததுதான். மெடோக்கில் ரோட்டோரக் கொடியில் பழம் திருடாமல் இருக்க மயில் துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்து வைத்திருந்தார்கள். அந்த வரிசைக்கு மட்டும் நோய் வரவில்லை என்பதைப் பேராசிரியர் மிலார்டே கவனித்து, ஆராய்ந்து, 1885-இல் வெளியிட்டார். நம் ஊர் உரக்கடையில் "போர்டோ கலவை" என்று கேட்கிறோமே, அதே! 100 லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிலோ மயில் துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு. ஆனால் ஐப்பசி, கார்த்திகை முழுக்க மழை ஊற்றும்போது எத்தனை தடவை அடிப்பது? அடித்ததை அடுத்த மழை கழுவும். ஒயினுக்கு விலை கிடைப்பதற்குள் துத்தத்துக்கே பாதி போய்விடும்.

7. முடிவு என்ன ஆயிற்று?

மறுநாள் காலையில் போய், நேற்று சொன்னது அவசரத் தீர்ப்பு என்று மாமாவிடம் ஒப்புக்கொண்டேன். காலண்டரைச் சுவரிலிருந்து எடுத்து மூன்று கவாத்தையும் பென்சிலால் குறித்துக் காட்டினேன். மாமா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ நம்ம மண்ணு மேல தப்பில்ல, வானம் மேலதான் தப்பா?" என்றார். "யார் மேலயும் தப்பில்ல மாமா. அந்தக் கொடிக்கு இது ஊர் இல்ல, அவ்வளவுதான்" என்றேன்.

சங்கிலி அத்தை கழுத்திலேயே இருக்கிறது. கொல்லையில் வழக்கம் போல வேர்க்கடலை. ஆசைக்கு நாலு கொடி மட்டும் கிணற்று மேட்டுச் செம்மண்ணில், சின்னப் பந்தலில், நிழலுக்காக நிற்கிறது. போன மாசிக்கு ஒரு குலை நன்றாகக் கறுத்தது. அத்தை கழுவி, ஆளுக்கு ஆறு பழம் எண்ணிக் கொடுத்தார். புளிப்பு கொஞ்சம் தூக்கல்தான். ஆனால் பன்னீர் வாசனை இருந்தது.

நண்பர்களே! நாளைக்கு நாம் பாலம் கட்டுவோம், ரோடு போடுவோம், ஷெட் எழுப்புவோம். டிராயிங்கும் எஸ்டிமேட்டும் வேறொரு ஊரில் ஜெயித்ததாக இருக்கலாம். அதை அப்படியே இங்கே கொண்டுவந்து நட்டால் மாமாவின் நாற்பது குச்சி கதைதான். மண்ணைத் தோண்டிக் கேளுங்கள், தண்ணீரைச் சோதித்துக் கேளுங்கள், காலண்டரைப் புரட்டி மழையைக் கேளுங்கள். முதல் இரண்டு பதில் சாதகமாக வந்தவுடன் நான் செய்த மாதிரி அவசரப்பட்டுத் தீர்ப்பு சொல்லிவிடாதீர்கள். மூன்றாவது கேள்வியில் ஒரு குடும்பத்தின் சங்கிலி தொங்கிக்கொண்டிருக்கலாம்.